ஆறு ஞாயிறு, 1,800 ரூபாய்: பாளையங்கோட்டையில் ஒரு வாக்கெடுப்புச் சட்ட வகுப்பு

அரசுப் பணித் தேர்வுகளுக்குப் பயிற்சி கொடுக்கும் பாளையங்கோட்டை நிலையம் ஒன்று, ஞாயிற்றுக்கிழமைகளில் பொதுமக்களுக்கென்று தமிழில் சட்ட வகுப்புகள் நடத்துகிறது. இந்த முறை அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள், ஒரு பகுதி தன் விடுதலைக்காகத் தானே பொது வாக்கெடுப்பு நடத்தச் சட்டத்தில் இடமுண்டா என்பது. ஆறு வாரம், காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை. கட்டணம் 1,800 ரூபாய். குறிப்பேடும் இடைவேளைச் சுக்குக் காப்பியும் அதற்குள் அடக்கம். வருவாய்த் துறையில் துணை வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு, எல்லைகளை அளந்தும் உட்பிரிவு செய்தும் கழிந்த காலம் அதிகம் என்பதால், நாடுகளின் எல்லையை யார் எந்த அதிகாரத்தில் மாற்றுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆசையில் சேர்ந்தேன். நிலையத்தின் பெயரை எழுதாமல் விடுகிறேன். சொல்ல வேண்டிய குறைகளும் இருக்கின்றன. அவற்றைத் திருத்திக்கொள்ள அவர்களுக்கு ஒரு வாய்ப்பு இருக்கட்டும்.

வகுப்பு நடப்பது ஆயத்த ஆடைக் கடை ஒன்றின் மேல் மாடியில். மொத்தம் 31 பேர் வந்திருந்தோம். சட்டக் கல்லூரி மாணவர்கள், தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், பலசரக்குக் கடை நடத்தும் அண்ணாச்சி ஒருவர், செங்கோட்டையிலிருந்து பேருந்து பிடித்து வரும் பெண் வழக்கறிஞர் ஒருவர் என்று கலவையான கூட்டம். பாடம் எடுத்தவர் ஓய்வு பெற்ற சட்டப் பேராசிரியர். நிதானமாகப் பேசுவார்; ஒரு தீர்ப்பைச் சொல்லும்போது அதில் நீதிமன்றத்திடம் கேட்கப்பட்ட கேள்வி என்ன என்பதை முதலில் சொல்லாமல் பதிலுக்குப் போகவே மாட்டார். இந்த ஒரு பழக்கத்துக்காகவே கட்டணத்தில் பாதியைக் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

முதல் நாள் பலகையில் அவர் எழுதியவை மூன்று கேள்விகள். வாக்கெடுப்பை நடத்தும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது? நடந்து முடிந்தால் அந்த முடிவுக்குச் சட்டத்தில் என்ன மதிப்பு? அதன் பிறகு யார் என்ன செய்யக் கடமைப்பட்டவர்? வெளியே நடக்கிற வாதங்களில் இந்த மூன்றும் ஒன்றாகக் குழம்பிக் கிடப்பதால்தான் ‘மக்கள் வாக்களித்துவிட்டார்களே’ என்று ஒரு தரப்பும் ‘அரசமைப்பில் இல்லையே’ என்று மறு தரப்பும் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்காமலே கத்திக்கொண்டிருக்கிறார்கள் என்றார். வட்டாட்சியர் அலுவலகத்துக்கு வரும் மனுக்களில், பட்டா மாறுதலையும் உட்பிரிவையும் பாதைத் தகராறையும் ஒரே தாளில் எழுதிக் கொண்டுவருகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மூன்றுக்கும் தனித்தனி மனு வாங்காமல் கோப்பு ஒரு அடி நகராது.

அன்றே அவர் சொன்ன ஓர் உவமைதான் எனக்குப் பிடிக்கவில்லை. நாடு என்பது கூட்டுப் பட்டா போல, நான்கு பேர் பெயரில் இருக்கும் நிலத்தில் ஒருவர் தன் பங்குக்குத் தானே வேலி போட்டுக்கொள்ள முடியாது, மற்ற மூவரும் இசைய வேண்டும் என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கூட்டுப் பட்டாதாரர் ஒருவர் மற்றவர்கள் இசையாவிட்டால் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போய்ப் பாகப்பிரிவினை கேட்கலாம், நீதிமன்றம் மறுக்காது. இந்துக் கூட்டுக் குடும்பத்திலோ, பங்காளி ஒருவர் பிரியும் எண்ணத்தை ஐயத்துக்கு இடமின்றி மற்றவர்களுக்குத் தெரிவித்துவிட்டாலே அவர் சட்டப்படி பிரிந்தவர் ஆகிறார். நிலத்தை அளந்து கொடுப்பது பிறகு நடக்கிற காரியம். பங்காளிக்கு இருக்கும் இந்த உரிமை மாகாணத்துக்கு இல்லை என்பதுதான் இந்தப் பொருளின் முடிச்சே. எழுந்து சொன்னேன். அடுத்த வாரம் வகுப்பைத் தொடங்கும்போதே, ‘சென்ற வாரத்து உவமையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்’ என்று சொல்லிவிட்டுத்தான் பாடத்துக்குப் போனார். இப்படிப்பட்ட ஆசிரியரிடம் பிள்ளைகளைத் தயங்காமல் அனுப்பலாம்.

இரண்டாம் வாரம் கியூபெக். ஆறில் இதுவே சிறந்த வகுப்பு. பிரெஞ்சு பேசும் பெரும்பான்மையினரைக் கொண்ட அந்தக் கனடிய மாகாணம் 1980-இலும் 1995-இலும் வாக்கெடுப்பு நடத்தியது. முதல் முறை 60-க்கு 40 என்ற அளவில் தோற்ற இறையாண்மைக் கட்சி, இரண்டாம் முறை மயிரிழையில் தோற்றது: வேண்டாம் என்றவர்கள் 50.58 விழுக்காடு, வேண்டும் என்றவர்கள் 49.42 விழுக்காடு, இடைவெளி 54,288 வாக்குகள். வாக்களித்தவர்கள் 93 விழுக்காட்டுக்கும் மேல். இந்த இரண்டு வாக்கெடுப்புகளையும் மாகாணமே சட்டம் இயற்றி நடத்தியது. ஒட்டாவா நடுவண் அரசு இரண்டிலும் எதிர்ப்பிரசாரம் செய்ததே தவிர நடத்தவே கூடாது என்று தடுக்கவில்லை. கனடாவில் கேள்வி கேட்பது பெரிய சிக்கலாக இருக்கவில்லை. பதில் வந்தால் என்ன செய்வது என்பதுதான் சிக்கல்.

அந்தச் சிக்கலைத்தான் நடுவண் அரசு உச்ச நீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்பியது. கியூபெக் அரசு அந்த விசாரணையில் கலந்துகொள்ள மறுத்ததால், அந்தப் பக்கத்து வாதத்தைச் சொல்ல நீதிமன்றமே ஒரு வழக்கறிஞரை அமர்த்தியது. 1998 ஆகஸ்டு 20 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்ன பதிலைப் பேராசிரியர் ஒரு மணி நேரம் எடுத்து விளக்கினார். கனடிய அரசமைப்பின்படி கியூபெக் தன்னிச்சையாகப் பிரிந்துபோக முடியாது. பன்னாட்டுச் சட்டத்திலும் அதற்கு அந்த உரிமை இல்லை, ஏனென்றால் கியூபெக் மக்கள் குடியேற்ற ஆட்சிக்கு உட்பட்டவர்களோ ஒடுக்கப்பட்டவர்களோ அல்லர். நாட்டின் ஆட்சியில் அவர்களுக்கு முழுப் பங்கு இருக்கிறது. பலரும் இந்த இடத்தில் தீர்ப்பை மூடிவைத்துவிடுவார்கள். அதற்கு அடுத்த பக்கத்தில்தான் புதுமை இருக்கிறது. தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை பிரிவினையை விரும்பி விடையளித்தால், அதைக் கேளாத செவியாக இருந்துவிட மற்ற மாகாணங்களுக்கும் நடுவண் அரசுக்கும் உரிமை இல்லை. உட்கார்ந்து பேச வேண்டிய கடமை அவர்களுக்கு வந்துவிடுகிறது. கூட்டாட்சி, மக்களாட்சி, அரசமைப்பின் மேலாண்மையும் சட்டத்தின் ஆட்சியும், சிறுபான்மையினர் பாதுகாப்பு ஆகிய நான்கு அடிப்படைகளில் எதுவும் மற்றதை விழுங்கிவிடக் கூடாது என்ற நிலையிலிருந்துதான் இந்தக் கடமையை நீதிமன்றம் கண்டெடுத்தது. எழுதப்பட்ட எந்தப் பிரிவிலும் அது இல்லை.

தெளிவான கேள்வி என்றால் என்ன என்பதற்கு அவர் கொடுத்த பயிற்சியை இங்கே சொல்லியாக வேண்டும். 1995 கியூபெக் வாக்குச்சீட்டில் இருந்த கேள்வியையும் 2014 ஸ்காட்லாந்துக் கேள்வியையும் நகலெடுத்துக் கொடுத்து, இரண்டையும் தமிழாக்கச் சொன்னார். ஸ்காட்லாந்துக் கேள்வி ஒரே வரியில் முடிந்தது: ‘ஸ்காட்லாந்து தனி நாடாக இருக்க வேண்டுமா?’ கியூபெக் கேள்விக்கு எங்கள் மேசையில் நால்வர் சேர்ந்து இருபது நிமிடம் எடுத்துக்கொண்டோம். 1995 ஜூன் 12 அன்று கையெழுத்தான உடன்பாட்டுக்கும், கியூபெக்கின் எதிர்காலம் பற்றிய மசோதாவுக்கும் உட்பட்டு, புதிய பொருளாதார, அரசியல் கூட்டாண்மைக்கான முன்மொழிவைக் கனடாவிடம் முறைப்படி வைத்த பிறகு கியூபெக் இறையாண்மை பெற வேண்டும் என்பதை ஏற்கிறீர்களா என்று ஒருவழியாக முடித்தோம். பலசரக்குக் கடை அண்ணாச்சி தாளைக் கையில் வைத்துக்கொண்டு, “இதை வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள பூத்தையே மூடிருவாங்க சார்” என்றார். பின்னர் 2000-ஆம் ஆண்டில் கனடிய நாடாளுமன்றம் இயற்றிய தெளிவுச் சட்டம், கேள்வி தெளிவாக இருக்கிறதா என்று வாக்கெடுப்புக்கு முன்பும், பெரும்பான்மை தெளிவாக இருக்கிறதா என்று பின்பும் தீர்மானிக்கும் அதிகாரத்தை மக்களவைக்குக் கொடுத்தது. எத்தனை விழுக்காடு என்றால் தெளிவு என்று மட்டும் அது சொல்லவில்லை. பிரிகிறவருக்கான மதிப்பெண்ணை, அவர் யாரைவிட்டுப் பிரிகிறாரோ அவரே போடும் ஏற்பாடு இது என்று ஒரு மாணவி சொன்னதற்குப் பேராசிரியர் பதில் சொல்லாமல் சிரித்தார்.

ஸ்காட்லாந்து வகுப்பும் நன்றாகவே போயிற்று. 2014 செப்டம்பர் 18 வாக்கெடுப்பு சட்டப்படி செல்லும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. 2012 அக்டோபரில் ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் இரு அரசுகளும் உடன்பாடு செய்து, ஸ்காட்லாந்துச் சட்டத்தின் 30-ஆம் பிரிவின் கீழ் ஆணை பிறப்பித்து, அந்த ஒரு முறைக்கு மட்டும் எடின்பரோ நாடாளுமன்றத்துக்கு அதிகாரத்தை இரவல் கொடுத்தார்கள். 55-க்கு 45 என்ற அளவில் மக்கள் ஒன்றியத்திலேயே நீடிக்க முடிவு செய்தார்கள். இரண்டாம் முறை 2023 அக்டோபரில் நடத்த ஸ்காட்லாந்து அரசு விரும்பியபோது லண்டன் இரவல் கொடுக்கவில்லை. அப்போது எழுந்த வாதம் நுட்பமானது: நாங்கள் நடத்தப்போவது வெறும் ஆலோசனை வாக்கெடுப்பு, முடிவு யாரையும் கட்டுப்படுத்தாது, ஆகவே ஒன்றியத்தை அது தொடவே இல்லை, எங்கள் அதிகாரத்துக்குள்தான் வருகிறது.

இந்த வாதத்தை அவர் விளக்கிக்கொண்டிருந்தபோது வகுப்பிலேயே ஒரு சான்று கிடைத்தது. அதற்கு முந்தைய வாரம், வெயிலுக்கு முன்னால் வீடு திரும்ப வசதியாக வகுப்பை ஒன்பதரைக்குத் தொடங்கலாமா என்று நாங்களே கைதூக்கி வாக்கெடுத்திருந்தோம். 19 பேர் ஆதரவு, 12 பேர் எதிர்ப்பு. நிலைய உரிமையாளரை அது எந்த வகையிலும் கட்டுப்படுத்தவில்லை. ஆனாலும் இந்த வாரம் அவர் மாடியேறி வந்து, முந்திய வகுப்பு இருப்பதால் இயலவில்லை என்று ஐந்து நிமிடம் சமாதானம் சொல்லிவிட்டுப் போனார். ‘கட்டுப்படுத்தாத முடிவுக்கு ஏன் சமாதானம்?’ என்று பேராசிரியர் கேட்டார். 2022 நவம்பர் 23 அன்று ஐக்கிய இராச்சிய உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னதும் ஏறத்தாழ இதுவே. முறைப்படி சட்டம் இயற்றி நடத்தப்படும் வாக்கெடுப்பு வெறும் கருத்துக்கேட்பாக நின்றுவிடாது. அதன் முடிவுக்கு அரசியலில் எடை உண்டு. ஆகவே 1998 ஸ்காட்லாந்துச் சட்டம் லண்டனிலுள்ள வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றத்திடமே விட்டுவைத்த ஒன்றியம் என்ற பொருளோடு அது மேலோட்டமாக அல்லாமல் நேராகவே தொடர்புடையது. எடின்பரோவுக்கு அதிகாரம் இல்லை. சுயநிர்ணய உரிமை பற்றிய வாதத்தைத் தள்ளும்போது அந்த நீதிமன்றம் கியூபெக் தீர்ப்பையே எடுத்துக்காட்டியது.

ஸ்பெயினின் ஒரு பகுதியான கட்டலோனியா பற்றிய வகுப்பில்தான் நிலையத்தின் நிர்வாகக் குறை வெளிப்பட்டது. நான்காம் ஞாயிறு காலை பத்து மணிக்கு நாங்கள் போய் நின்றபோது கதவு பூட்டிக் கிடந்தது. முந்திய இரவு பதினொன்றரைக்கு வாட்ஸ்அப் குழுவில் ஒத்திவைப்புச் செய்தி போட்டிருக்கிறார்கள். செங்கோட்டையிலிருந்து வந்த அம்மா படிக்கட்டில் உட்கார்ந்துதான் அதைப் பார்த்தார். ஈடுசெய்யும் வகுப்பை வேலை நாளான புதன்கிழமை மாலையில் வைத்ததால் பாதிப் பேர் வரவில்லை. கட்டணத்தில் ஏதும் கழித்துக் கொடுப்பீர்களா என்று கேட்டதற்கு, குறிப்பேட்டில் எல்லாம் இருக்கிறது என்ற பதில்தான் கிடைத்தது. 1978 ஸ்பானிய அரசமைப்பின் 2-ஆம் பிரிவு நாட்டின் பிரிக்க முடியாத ஒற்றுமையைப் பேசுகிறது. வாக்கெடுப்புக்கு அனுமதி தரும் அதிகாரத்தை 149-ஆம் பிரிவு நடுவண் அரசிடமே விட்டிருக்கிறது. 2014-இல் அரசமைப்பு நீதிமன்றம், கட்டலோனியா இறையாண்மை கொண்டது என்ற அறிவிப்பைச் செல்லாது என்றது; ஆனால் அரசமைப்பைத் திருத்தும் வழியில் அந்தக் கோரிக்கையை முன்வைக்கத் தடையில்லை என்றும் சேர்த்துச் சொன்னது. 2017 செப்டம்பரில் கட்டலோனிய நாடாளுமன்றம் இயற்றிய வாக்கெடுப்புச் சட்டம் மறுநாளே நிறுத்திவைக்கப்பட்டது. தடையை மீறி அக்டோபர் 1 அன்று வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் 90 விழுக்காட்டினர் விடுதலை வேண்டும் என்றார்கள். ஆனால் வாக்களித்தவர்களே ஏறத்தாழ 43 விழுக்காடுதான். மாத இறுதியில் மாட்ரிட் நடுவண் அரசு 155-ஆம் பிரிவைப் பயன்படுத்தி நேரடி ஆட்சியைக் கொண்டுவந்தது. 2019-இல் ஒன்பது தலைவர்களுக்கு 9 முதல் 13 ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2021-இல் அரசு மன்னித்து விடுவித்தது. கேள்வியைக் கேட்டதற்கே சிறை என்ற இடத்துக்குச் சட்டம் போகுமா என்று விவாதிக்க வேண்டிய பாடம் இது. ஆள் குறைந்த அந்தப் புதன்கிழமை மாலையில் அது நடக்கவில்லை.

பன்னாட்டுச் சட்டத்துக்கு ஒதுக்கிய நேரமும் குறைவுதான். ஆனால் சொன்னதைச் சரியாகச் சொன்னார். செர்பியாவிடமிருந்து பிரிந்த கொசோவோவுக்குப் பிரியும் உரிமை உண்டு என்று பன்னாட்டு நீதிமன்றமே சொல்லிவிட்டதாக நம் ஊர்த் தேநீர்க் கடைகளில்கூட ஒரு தவறான நம்பிக்கை உண்டு. 2010 ஜூலை 22 அன்று பன்னாட்டு நீதிமன்றம் 10-க்கு 4 என்ற பெரும்பான்மையில் சொன்னது, 2008 விடுதலை அறிவிப்பு பன்னாட்டுச் சட்டத்தை மீறவில்லை என்பது மட்டுமே. பிரியும் உரிமை கொசோவோவுக்கு உண்டா என்ற கேள்வி கேட்கப்படவும் இல்லை, பதில் சொல்லப்படவும் இல்லை. தடை இல்லாத செயல் வேறு, உரிமையுள்ள செயல் வேறு. உக்ரைனின் கிரிமியாவில் ரஷ்யாவோடு சேர 2014 மார்ச் 16 அன்று நடந்த வாக்கெடுப்பை ஐ.நா. பொது அவை 100-க்கு 11 என்ற வாக்கில், 58 நாடுகள் ஒதுங்கிநிற்க, செல்லாதது என்று தீர்மானித்தது. உக்ரைன் அரசமைப்பின்படி நிலப்பரப்பை மாற்றும் கேள்வியை நாடு முழுவதன் வாக்கெடுப்புதான் முடிவு செய்யலாம். அன்னியப் படை நின்ற சூழலில் அது நடந்தது என்பது இன்னொரு குறை.

வழி எழுதிவைத்திருக்கும் நாடுகளும் உண்டு என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருந்தது. எத்தியோப்பியாவின் 1995 அரசமைப்பில் 39-ஆம் பிரிவு பிரிந்துபோகும் உரிமையையே கொடுத்து, அதற்கான படிகளையும் சொல்கிறது. செயின்ட் கிட்ஸ்-நெவிஸ் தீவு நாட்டில் நெவிஸ் மக்கள் 1998-இல் ஏறத்தாழ 62 விழுக்காடு ஆதரவு கொடுத்தும், அரசமைப்பு கேட்ட மூன்றில் இரண்டு பங்கை எட்டாததால் பிரிய முடியவில்லை. செர்பியாவிடமிருந்து பிரிய மான்டிநீக்ரோவுக்கு 2006-இல் வைத்த வரம்பு 55 விழுக்காடு, கிடைத்தது 55.5. வட அயர்லாந்தில் பெரும்பான்மை அயர்லாந்தோடு சேரும் பக்கம் மாறியிருக்கும் என்று தோன்றினால் வாக்கெடுப்புக்கு ஆணையிடும் கடமையை 1998 சட்டம் லண்டன் அமைச்சர்மீதே சுமத்தியிருக்கிறது. போகன்வில் தீவில் 2019-இல் ஏறத்தாழ 98 விழுக்காடு விடுதலைக்கு வாக்களித்தும், கடைசிச் சொல் பப்புவா நியூகினி நாடாளுமன்றத்துடையது. இவற்றை வரிசையாகக் கேட்டபோது எனக்குப் பட்டது இதுதான்: வாக்குப்பெட்டிக்குச் சட்டத்தின் முத்திரையை வைக்க வேண்டியவர், பெரும்பாலும், யாரைவிட்டுப் பிரிகிறோமோ அவரே. முன்கூட்டியே எழுதிவைத்த ஏற்பாடு இருந்தால் அந்த முத்திரை நேற்றே வைக்கப்பட்டது என்று கொள்ளலாம்.

இந்தியாவுக்கு ஒரே ஒரு வகுப்பு. என் பெரிய மனக்குறை இது. திருநெல்வேலியில் உட்கார்ந்து படிக்கிறவனுக்கு நெவிஸ் தீவைவிட இது நெருக்கம் இல்லையா? இருந்தாலும் அந்த மூன்று மணி நேரத்தில் அவர் கொடுத்தது கொஞ்சமில்லை. 1-ஆம் பிரிவு இந்தியாவை மாநிலங்களின் ஒன்றியம் என்கிறது. மாநிலங்கள் கூடி உடன்பாடு செய்துகொண்டு உருவான கூட்டாட்சி இல்லை என்பதால் பிரியும் உரிமையும் எந்த மாநிலத்துக்கும் இல்லை என்று 1948 நவம்பரிலேயே அரசமைப்பு அவையில் அம்பேத்கர் விளக்கிவிட்டார். பொது வாக்கெடுப்பு என்ற ஏற்பாடே நம் அரசமைப்பில் இல்லை. மாநிலப் பட்டியலில் அதற்கு இடமில்லை. பட்டியலில் வராத எஞ்சிய அதிகாரம் 248-ஆம் பிரிவின்படி நாடாளுமன்றத்துக்கு. நிலப்பரப்பை வேறு நாட்டுக்கு விட்டுக்கொடுப்பதென்றால் சாதாரணச் சட்டம்கூடப் போதாது, அரசமைப்புத் திருத்தம் வேண்டும் என்று 1960 பெருபாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் கருத்துச் சொன்னது. அதற்கும் மேலாக, 1967 சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின் வரையறைக்குள் பிரிவினைக் கோரிக்கையை ஆதரிப்பதும் வந்துவிடுகிறது. அதாவது இங்கே அப்படிப்பட்ட வாக்கெடுப்பு செல்லாததாக மட்டும் நிற்காது, குற்றமாகவும் ஆகக்கூடும். கனடாவுக்கும் நமக்கும் இடையிலுள்ள தொலைவை இந்த ஒரு வரியில் அளந்துவிடலாம்.

1963-இல் வந்த 16-ஆம் திருத்தத்தை அவர் சொன்னபோது எனக்குப் பழைய நினைவு வந்தது. வேட்புமனுத் தாக்கல் நாள்களில் தேர்தல் நடத்தும் அலுவலரின் மேசையோரம் உறுதிமொழி அட்டையை நீட்டும் வேலையை நான் பல தேர்தல்களில் செய்திருக்கிறேன். ஓரங்கள் நைந்துபோன அந்த அட்டையில், இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் நிலைநிறுத்துவதாக ஒரு தொடர் உண்டு. வேட்பாளர்கள் எழுத்துக்கூட்டியாவது அதை வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்கள். அந்தத் தொடர் அந்தத் திருத்தத்தால் வந்தது என்பதும், அந்த ஆண்டில்தான் தி.மு.க. திராவிட நாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டது என்பதும் எனக்குத் தெரியும். அந்தத் திருத்தத்துக்கு வித்திட்ட குழுவின் தலைவர் சர் சி.பி. ராமசாமி ஐயர் என்பதுதான் புதிது. 1947 ஜூன் 11 அன்று, பிரிட்டிஷ் மேலாண்மை நீங்கியதும் திருவிதாங்கூர் தனி நாடாகும் என்று அறிவித்த திவானும் அவரே. ஜூலை இறுதியில் அவர் வெட்டுப்பட்டு உயிர் தப்பினார்; சில நாள்களில் மன்னர் இந்தியாவுடன் இணைய இசைந்தார். ஏழு வாரம் நீடித்த அந்த அறிவிப்புக்கு முன்பும் சரி, அதைக் கைவிட்டபோதும் சரி, மக்களிடம் வாக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை.

செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் சீமை. அந்த அம்மா எழுந்து, “எங்க ஆச்சி திருவிதாங்கூர்ல பொறந்தா, நெல்லை மாவட்டத்துல வாழ்ந்தா, தென்காசி மாவட்டத்துல கண்ண மூடினா. ஒரு தடவகூட வீடு மாறல” என்றார். பையிலிருந்து உறையில் போட்ட பத்திரம் ஒன்றை எடுத்துக் காட்டினார். திருவிதாங்கூர் முத்திரைத் தாள், சங்கு பொறித்தது, மடிப்பு மடிப்பாக விரிசல் விட்டது. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மறுசீரமைப்புச் சட்டத்தால் செங்கோட்டையின் பெரும்பகுதி நம் மாவட்டத்தோடும், அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கும் கன்னியாகுமரி மாவட்டமாகவும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. போராட்டம் உண்டு, துப்பாக்கிச் சூடு உண்டு, நாடாளுமன்றச் சட்டம் உண்டு. வாக்குச்சீட்டு மட்டும் இல்லை. அரசமைப்பின் 3-ஆம் பிரிவின்படி சம்பந்தப்பட்ட சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும், ஆனால் அதன்படி நடக்க வேண்டியதில்லை என்று பாபுலால் பராத்தே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதைப் பேராசிரியர் இதோடு சேர்த்துக் காட்டினார். உள்நாட்டு எல்லைக்கே மக்கள் வாக்கு கட்டாயமில்லாத நாட்டில் வெளிநாட்டு எல்லைக்கு எங்கிருந்து வரும் என்று அவர் கேட்டபோது வகுப்பு அமைதியாக இருந்தது.

ஆனால் இந்திய வரலாற்றில் வாக்கெடுப்பே நடந்ததில்லை என்று யாரும் எண்ண வேண்டாம். 1948 பிப்ரவரியில் இன்றைய குஜராத்திலுள்ள ஜுனாகத் சமஸ்தானத்தில் ஏறத்தாழ 1,90,000 பேர் வாக்களித்து, பாகிஸ்தானுக்கு விழுந்தவை 91 மட்டுமே. 1954 அக்டோபர் 18 அன்று புதுச்சேரியை அடுத்த கீழூரில் வாக்களித்த 178 பேரும் பிரதிநிதிகளே. 170 பேர் இந்தியாவோடு இணைய விரும்பினார்கள், 8 பேர் மறுத்தார்கள். மக்களின் இசைவில்லாமல் நிலத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று 1946 பிரெஞ்சு அரசமைப்பு சொன்னதால்தான் அந்தச் சடங்கே தேவைப்பட்டது. 1967 ஜனவரி 16 அன்று கோவாவில், மகாராஷ்டிரத்தோடு சேர்வதா, ஒன்றியப் பகுதியாகவே இருப்பதா என்று கேட்டபோது 34,021 வாக்கு வித்தியாசத்தில் இரண்டாவது வென்றது. அதை நடத்த நாடாளுமன்றமே தனிச் சட்டம் இயற்றியது. 1975 ஏப்ரலில் சிக்கிமில் இந்தியாவோடு இணைய 59,637 பேர் ஆதரவு, 1,496 பேர் எதிர்ப்பு. கவனித்தால், இவற்றில் ஒன்றுகூட வெளியேறும் வாக்கெடுப்பு இல்லை. உள்ளே வருவதற்குக் கதவைத் திறந்து வாக்குப்பெட்டி வைத்திருக்கிறார்கள். அல்லது உள்ளே எந்த அறையில் இருப்பது என்று கேட்டிருக்கிறார்கள்.

குறிப்பேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 84 பக்கம், நூல் தைக்காமல் பசை ஒட்டியது. மூன்றாம் வாரமே என்னுடையதில் தாள்கள் உதிர ஆரம்பித்தன. கோவா வாக்கெடுப்பை ‘விடுதலை வாக்கெடுப்பு’ என்று 61-ஆம் பக்கத்தில் அச்சிட்டிருக்கிறார்கள்; தேர்வுக்குப் படிக்கிற பிள்ளை அதை அப்படியே எழுதினால் மதிப்பெண் போகும். ஸ்காட்லாந்துத் தீர்ப்பின் ஆண்டு ஓரிடத்தில் 2021, இன்னோரிடத்தில் 2022. பேராசிரியர் இரண்டையும் வகுப்பில் திருத்தினார் என்றாலும், பிழைத்திருத்தத் தாள் அடித்துக் கொடுக்கிறோம் என்ற உரிமையாளர், கடைசி நாள் வரை கொடுக்கவில்லை. ஒலிபெருக்கி இல்லாததால் பின் வரிசையில் பாதிதான் கேட்கும். தெருவில் பேருந்து திரும்பும்போது அந்தப் பாதியும் கேட்காது. சுக்குக் காப்பி மட்டும் ஆறு வாரமும் சுடச்சுட, கருப்பட்டி போட்டு, குறை சொல்ல முடியாதபடி இருந்தது.

1,800 ரூபாய்க்கு இது தகுமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில், பேராசிரியர் எடுப்பதாக இருந்தால் தகும் என்பதே. சட்ட மாணவர்களுக்குக் கியூபெக், ஸ்காட்லாந்து வகுப்புகள் இரண்டும் போதும், பணம் திரும்பிவிடும். அரசுப் பணித் தேர்வுக்கு மட்டும் படிக்கிறவர்கள் இந்திய வகுப்பு ஒன்றாக இருக்கும்வரை காத்திருக்கலாம். அடுத்த சுற்றில் அதை இரண்டாக்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சேர்கிறவர்கள் ஒன்பதே முக்காலுக்குப் போய் இடப்பக்கம் இரண்டாம் வரிசையைப் பிடித்துக்கொள்வது நல்லது. அங்கே மின்விசிறி சுற்றும், பலகையும் தெரியும். சனிக்கிழமை இரவு படுக்கும் முன் வாட்ஸ்அப்பை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.